கட்டைக்குள் இருக்கும் அளவு

ஹோட்டல் வாசலிலும் ரிசார்ட்டிலும் அலங்காரத்துக்குன்னு மாட்டு வண்டிச் சக்கரத்தைச் சாய்த்து வைத்திருப்பதை நீங்க பார்த்திருப்பீங்க. அடுத்த தடவை பார்க்கும்போது ஒரு நிமிஷம் நின்னு எண்ணிப் பாருங்க. நடுவில் குடம். அதிலிருந்து 12 ஆரக்கால். அதைச் சுற்றி வளைவாக 6 வட்டை. அதுக்கு மேலே இரும்புப் பட்டா. எங்க பக்கம் சக்கரம் இப்படித்தான் இருக்கும்.

பன்னிரண்டு ஆரக்காலும் ஒரே நீளம் இருக்கணும். ஆறு வட்டையும் ஒரே வளைவு இருக்கணும். ஒவ்வொரு வட்டையும் அரை மில்லிமீட்டர் கூடிப்போனா, சுற்றி வரும்போது மூணு மில்லிமீட்டர் ஆகிடும். பட்டாவைச் சக்கரத்தைவிடக் கொஞ்சம் சின்னதாகச் செய்து, பழுக்கக் காய்ச்சி மாட்டி, தண்ணீர் ஊற்றிக் குளிர வைப்பாங்க. இரும்பு சுருங்கி மொத்த மரத்தையும் இறுக்கிப் பிடிக்கும். மரம் அளவு பிசகினால் பட்டா ஒரு பக்கம் இறுக்கும், ஒரு பக்கம் தளரும். நாலு மூட்டை கரும்போ மணிலாவோ ஏற்றி மேட்டில் ஏறினாலே ஆரக்கால் ஆட ஆரம்பிச்சிடும்.

இதை ஆசாரி எப்படிச் செஞ்சார்? "அனுபவம், கண்பார்வை, கைநேர்த்தி" என்றுதான் பலரும் சொல்வாங்க. பாதி உண்மை அது. மீதிப் பாதி பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. பார்த்தா ஒரு பழைய பலகைத் துண்டு மாதிரி இருக்கும், வளைவாக வெட்டினது. அதுதான் வட்டைக்கான மாதிரிப் பலகை. மரத்து மேலே அதை வைத்துக் கோடு கிழிச்சு, அந்தக் கோட்டில் வாய்ச்சியால் செதுக்குவார். ஆரக்காலுக்கும் அப்படியே, ஒரு மாதிரிக் கால் தனியாக இருக்கும். வேலையை விட்டுப் போகும் வரைக்கும் அதை யாருக்கும் விற்க மாட்டார், சக்கரத்தில் போடவும் மாட்டார்.

நான் அதைத் தாய்க்கட்டை என்று சொல்வேன். இந்தப் பதிவு அந்தத் தாய்க்கட்டையைப் பற்றியதுதான். ஒரே அளவைப் பல தடவை வெட்ட மனுஷன் கண்டுபிடித்த சின்னச் சின்ன வழிகாட்டிகள், அவை வண்டிப் பட்டறையிலிருந்து ஆம்பூர் ஷூ கம்பெனி வரை எப்படி வந்தது, வேலூரில் ஒரு பட்டறையில் அது ஏன் எனக்கு முக்கியமாகப் படுகிறது என்பது.

முதலில் விஷயம் என்னன்னு பார்ப்போம். பத்துக் கட்டை ஒரே நீளத்தில் வேணும்னு வைங்க. டேப் வைத்து ஒவ்வொண்ணாக அளந்து பென்சிலில் கோடு போட்டா, பத்துத் தடவை அளக்கிறோம், பத்துத் தடவை தப்பு வர வாய்ப்பு கொடுக்கிறோம். பென்சில் கோட்டுக்கே ஒரு தடிமன் உண்டு. ரம்பமும் ரெண்டு மூணு மில்லிமீட்டர் மரத்தைத் தின்னும். கோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கை ஒவ்வொரு தடவையும் யோசிக்கும்.

முதல் கட்டையை வைத்து ரெண்டாவதை அளந்து, ரெண்டாவதை வைத்து மூணாவதை அளந்தா இன்னும் மோசம். வதந்தி மாதிரி, போகப்போக மாறிக்கொண்டே போகும். பத்தாவது கட்டை முதல் கட்டைக்குச் சொந்தக்காரனாகவே இருக்காது. அதனால்தான் எல்லாக் கட்டையையும் தாய்க்கட்டையில் வைத்தே அளக்கணும்.

அதைவிட நல்ல வழி அளக்காமலே இருப்பது. ரம்பத்திலிருந்து வேண்டிய தூரத்தில் ஒரு கட்டையை ஆணியோ கிளாம்ப்போ போட்டு நிறுத்திடணும். மரத்தைத் தள்ளி அதில் முட்ட வைத்து வெட்டணும். அடுத்ததும் முட்டும், வெட்டும். நூறு துண்டு வெட்டினாலும் அளந்தது ஒரே தடவைதான். பட்டறையில் இதை ஸ்டாப்பர் என்பார்கள். பலகையை நீளவாக்கில் அறுக்கும்போது பக்கத்தில் ஒட்டிப்போகும் நேர்க்கட்டைக்கு கைடு என்று பெயர். சாய்வாக வெட்ட, ஜன்னல் சட்டத்துக்கு 45 டிகிரி மூலை வெட்ட, ரம்பம் போகும் பள்ளத்தோடு ஒரு மரப்பெட்டி வைத்திருப்பாங்க. குச்சியில் ஆணி அடித்து, அதில் நகரும் கட்டை கோர்த்து, மர ஓரத்திலிருந்து ஒரே தூரத்தில் கோடு கிழிக்கும் சாமானும் இதே குடும்பம்தான்.

விவசாயிக்கு இது புதுசு இல்லை. ஒற்றை நாற்று நடவுக்கு 25 சென்டிமீட்டருக்கு ஒரு முடிச்சுப் போட்ட கயிறை வயலின் குறுக்கே பிடிப்போம். நடுகிற பெண்கள் யாரும் ஸ்கேல் வைத்து அளப்பதில்லை. அளவு கயிற்றில் இருக்கிறது. செங்கல் சூளைக்குப் போனீங்கன்னா மரச்சட்டத்தில் மண்ணை அடித்துக் கவிழ்ப்பார்கள். அளவு சட்டத்தில் இருக்கிறது.

நம்ம ஆட்கள் அளவையே தானியத்தில் வைத்தவர்கள். பழைய சிற்ப நூல் கணக்கில் 8 யவை சேர்ந்தால் ஒரு அங்குலம், 24 அங்குலம் ஒரு முழம். யவை என்றால் வாற்கோதுமை மணி, அதாவது பார்லி. ஆச்சரியம் என்னன்னா, இங்கிலாந்திலும் பழைய கணக்கில் மூணு பார்லி மணி ஒரு அங்குலம். அவங்க அங்குலமும் நம்ம அங்குலமும் வேறு, மணியைப் படுக்க வைத்ததா நிறுத்தி வைத்ததா என்பதும் வேறு. ஆனா ரெண்டு ஊர்க்காரனும் அளவுக்குக் கை நீட்டியது களத்துமேட்டுக்குத்தான். இன்றைக்கும் இங்கிலாந்து ஷூ சைஸ் 7-க்கும் 8-க்கும் உள்ள வித்தியாசம் ஒரு அங்குலத்தில் மூணில் ஒரு பங்கு. ஒரு பார்லி மணி நீளம். ஷூ டப்பாவில் அந்த நம்பரைப் பார்க்கும்போது ஒரு விவசாயியாக எனக்கு ஒரு சின்ன சந்தோஷம்.

ஆனா தானியம் ஒண்ணு போல் ஒண்ணு இருக்காது. ஊருக்கு ஊர் முழக்கோல் கொஞ்சம் மாறும். ஒரே ஆசாரி ஒரே பட்டறையில் செய்கிற வரைக்கும் அதனால் தொந்தரவு இல்லை. அவர் சக்கரத்துக்கு அவர் தாய்க்கட்டை. சக்கரம் உடைந்தால் அவரிடமே போவோம். தாய்க்கட்டை யார் சுவரில் தொங்குதோ, தொழில் அவர் கையில்.

இது மாறின இடத்தைச் சரித்திரத்தில் தேடினால் ரெண்டு ஊர் கிடைக்கிறது. முதலாவது இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் கடற்படைத் துறைமுகம். பாய்மரக் கப்பலில் கயிறு இழுக்க மரக் கப்பி வேணும். ஒரு பெரிய போர்க்கப்பலுக்கே கிட்டத்தட்ட ஆயிரம் கப்பி. எல்லாம் கையால் செய்தது. மார்க் ப்ரூனல் என்ற பொறியாளர் இதுக்கு இயந்திரங்கள் வடிவமைத்தார். ஹென்றி மாட்ஸ்லே அவற்றைச் செய்து கொடுத்தார். மொத்தம் 45 இயந்திரங்கள். ஒண்ணு அறுக்கும், ஒண்ணு துளை போடும், ஒண்ணு வளைவு செதுக்கும். ஒவ்வொண்ணிலும் கட்டை வந்து உட்கார ஒரு இடம், முட்டி நிற்க ஒரு தடுப்பு. 1808 வாக்கில் வருஷத்துக்கு 1,30,000 கப்பி வந்தது. 110 கைவினைஞர் செய்த வேலையை, தொழில் தெரியாத 10 பேர் செஞ்சாங்க என்பது அப்போதைய கணக்கு.

நாம் "மாஸ் புரொடக்‌ஷன்" என்றாலே கார் கம்பெனி ஞாபகம் வரும். அது இரும்பில் ஆரம்பிக்கவில்லை, மரக்கட்டையில் ஆரம்பித்தது.

ரெண்டாவது ஊர் அமெரிக்காவில் மசாசூசெட்ஸ். தாமஸ் பிளான்சார்ட் என்பவர் 1819-ல் ஒரு கடைசல் இயந்திரம் செய்தார். சாதாரணக் கடைசலில் உருண்டையாகத்தான் கடைய முடியும், கட்டில் கால், பம்பரம் மாதிரி. துப்பாக்கியின் மரப்பிடி கோணல்மாணலாக இருக்குமே, அதை எப்படிக் கடைவது? அவர் ஒரு மாதிரிப் பிடியை ஒரு பக்கம் சுழல விட்டார். அதன் மேலே ஒரு சக்கரம் தடவிக்கொண்டே போகும். அந்தச் சக்கரம் மேலே ஏறினால் வெட்டுகிற கத்தியும் விலகும், உள்ளே இறங்கினால் கத்தியும் இறங்கும். மறு பக்கம் சுழலும் வெறும் கட்டை, மாதிரியின் அச்சாக மாறி வரும். தாய்க்கட்டையே நேராக இயந்திரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டது.

துப்பாக்கிப் பிடிக்கு அப்புறம் இந்த இயந்திரம் கோடரிக் காம்புக்கும், வண்டி ஆரக்காலுக்கும், நமக்கு முக்கியமாக ஷூ லாஸ்ட்டுக்கும் போனது. லாஸ்ட் என்பது பாதம் போலவே செதுக்கிய கட்டை. அதன் மேலே தோலை இழுத்து மாட்டித்தான் ஷூ உருவம் பிடிக்கும். அதுக்கு முன்னாடி பல நூறு வருஷம் இடது கால், வலது கால் வித்தியாசமே இல்லாமல் ஒரே மாதிரி ரெண்டு ஷூ செய்து கொண்டிருந்த நாடுகளில், இடது வலது ஜோடி பரவலாக வந்தது இந்தக் காலத்தில்தான். கோணலை அச்சு மாறாமல் திருப்பிச் செய்ய முடிந்ததும், மனுஷன் காலுக்கு ஏற்ற கோணல் கிடைத்தது.

இப்போ நம்ம பாலாற்றுக் கரைக்கு வருவோம். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பக்கம் ரொம்ப நாளாகத் தோல் பதனிடும் தொழில். வரப்போரம் மஞ்சளாகப் பூத்து நிற்கிற ஆவாரம்செடியின் பட்டையில் பதனிட்ட தோல் சீமைக்குப் போனது. இங்கே தோல் மட்டும், ஷூ அங்கே. சீத்தாராமய்யா கமிட்டி 1972-ல் அறிக்கை கொடுத்த பிறகு மத்திய அரசு பச்சைத் தோல், அரைப்பதத் தோல் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தி, முழுசாகச் செய்த பொருளாக அனுப்புங்கள் என்றது. அதுக்கப்புறம்தான் ஷூவின் மேல்பாகம், பிறகு முழு ஷூ என்று கம்பெனிகள் வளர்ந்தன. பாலாறு அதுக்குக் கொடுத்த விலை தனிக்கதை. 1996-ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை போனது. அதை இன்னொரு பதிவில் எழுதணும்.

ஷூ கம்பெனிக்கு உள்ளே என்ன நடக்குதுன்னு பார்த்தா வண்டிப் பட்டறையின் பேரப்பிள்ளை மாதிரி இருக்கும். கையால் வெட்டுகிறவர் பேட்டர்ன் அட்டையைத் தோல் மேலே வைத்து, ஓரத்தை ஒட்டிக் கத்தியை ஓட்டுவார். கத்தி அட்டையைத் தின்னாமல் இருக்க ஓரத்தில் உலோகம் கட்டியிருக்கும். எண்ணிக்கை கூடினால் அட்டைக்குப் பதில் எஃகுப் பட்டையை வளைத்துச் செய்த டை. அதைத் தோல் மேலே வைத்து பிரஸ்ஸில் அமுக்கினால் ஒரே வெட்டு. லாஸ்ட் இப்போது மரம் இல்லை, பிளாஸ்டிக். மரம் ஈரத்தில் உப்பும், வெயிலில் சுருங்கும், அளவு மாறும். தாய்க்கட்டை மட்டும் மாறவே கூடாது என்பதுதான் முதல் விதி.

இதில் கவனிக்க வேண்டியது ஒண்ணு உண்டு. டை வடிவத்தைத்தான் பார்த்துக்கொள்ளும். தோலில் எங்கே வைத்து வெட்டணும் என்பதை அது சொல்லாது. முதுகுத் தோல் கெட்டி, வயிற்றுத் தோல் தொளதொள. உண்ணி கடித்த தழும்பு, முள்வேலி கீறின கோடு, சூடு போட்ட அடையாளம் எல்லாம் தோலில் இருக்கும். எந்தப் பக்கம் இழுத்தால் நீளும் என்று விரலால் இழுத்துப் பார்த்துத்தான் வைக்கணும். கட்டிங்கில் நல்ல வேலைக்காரர் என்றால் அதில் தேறினவர். வழிகாட்டி வந்ததால் மூளைக்கு வேலை போச்சு என்று சிலர் சொல்வாங்க. அப்படி இல்லை. அளவைப் பற்றிய கவலையை அது வாங்கிக்கொள்கிறது. மரத்தின் ரேகை, தோலின் ஓட்டம் பார்க்கக் கண்ணுக்கு நேரம் கிடைக்கிறது.

ஆனா இன்னொரு கணக்கும் இருக்கு. ஏற்றுமதி ஷூவில் மாடல் பெரும்பாலும் வாங்குகிற வெளிநாட்டு பிராண்டுடையது. லாஸ்ட்டும் பேட்டர்னும் அவங்க ஒப்புதல் வாங்கியது. ஆசாரி சுவரில் தொங்கின தாய்க்கட்டை இப்போ கடல் தாண்டி இருக்கு. எங்க சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் விடிகாலையில் கம்பெனி பஸ் ஏறிப் போய்த் தைக்கிற அந்த ஷூவின் அளவு அவங்க கையில் இல்லை. இது நல்லதா கெட்டதா என்று ஒரே வரியில் சொல்ல மாட்டேன். அந்தச் சம்பளத்தில் படித்த பிள்ளைகள் எங்க தெருவில் இருக்காங்க. ஆனா வழிகாட்டி யாருடையது என்ற கேள்வியைக் கேட்காமல் இந்தச் சரித்திரத்தைச் சொல்ல முடியாது.

வேலூரில் அந்தக் கேள்வி வேறு மாதிரி எழுந்த ஒரு இடம் உண்டு. சி.எம்.சி. ஆஸ்பத்திரி. 1946-ல் அங்கே வந்தவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் 1914-ல் பிறந்தவர். பலருக்குத் தெரியாத செய்தி, மருத்துவம் படிப்பதற்கு முன்னாடி அவர் இங்கிலாந்தில் சில வருஷம் தச்சு வேலையும் கட்டட வேலையும் கற்றுக்கொண்டவர். 1947-ல் செங்கல்பட்டு தொழுநோய் மருத்துவமனையில் டாக்டர் ராபர்ட் காக்ரேனைப் பார்க்கப் போனபோது, மடங்கிப் போன கைகளைப் பார்த்தார். விரல் மடங்கியிருந்தாலும் முன்கைத் தசை நல்ல பலத்தோடு இருந்தது. அங்கே வேலை செய்யும் தசைநாரை எடுத்து விரலுக்கு மாற்றி வைத்தால் விரல் நிமிரும் என்று அறுவை சிகிச்சை செய்தார். விரல்கள் நிமிர்ந்தன.

அப்புறம்தான் சிக்கல். கை சரியான பிறகு பிச்சை கிடைக்கவில்லை. நோய் வந்தவர் என்று யாரும் வேலையும் கொடுக்கவில்லை. நிமிர்ந்த கையை வைத்து என்ன செய்வது? 1951-ல் ஆஸ்பத்திரி வளாகத்தில் நியூ லைஃப் சென்டர் என்று ஒரு இடம் உருவானது. அங்கே சொல்லிக்கொடுத்த முக்கியமான தொழில், மரவேலை. பிள்ளைகளுக்கான மரப் பொம்மைகள் செஞ்சாங்க.

பொம்மை வேலை என்றால் சின்ன வேலை என்று நினைக்காதீங்க. ஒரு பொம்மைக்கு நாலு சக்கரம், நாலும் ஒரே அளவு. நூறு பொம்மைக்கு நானூறு. நான் மேலே சொன்ன அதே கணக்கு. ஆனா இங்கே கைக்கு உணர்ச்சி இல்லை. உளி பட்டாலும் தெரியாது, சிலாம்பு ஏறினாலும் தெரியாது. எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோம் என்பதும் தெரியாது. துருப்பிடித்த பூட்டு ஒண்ணு. பிராண்டால் சாவியைத் திருப்ப முடியவில்லை. நோயாளிச் சிறுவன் ஒருவன் வாங்கி லேசாகத் திருப்பிவிட்டான். திறந்த பிறகு பார்த்தால் சாவி அவன் விரலை எலும்பு வரை கிழித்திருந்தது. நம்ம கை வலியால் நிறுத்திக்கொள்கிற இடத்தில் அவன் கை நிறுத்தவில்லை.

அதனால் அங்கே ஒவ்வொரு காயத்தையும் துப்பறிகிற மாதிரி விசாரிச்சாங்க. எங்கே பட்டது, எதனால் பட்டது? சூடான பாத்திரம், கரடுமுரடான கருவிப் பிடி, ராத்திரி தூங்கும்போது எலி கடித்தது என்று ஒவ்வொண்ணாகக் காரணம் கிடைத்தது. எலிக்குப் பூனை வளர்த்தாங்க. தொழுநோயில் விரல்கள் தானாக அழுகி விழுகின்றன என்று உலகமே நம்பியிருந்த காலம் அது. வலி தெரியாததால் பட்ட காயங்களே விரலைத் தின்றன என்று புரிந்ததில், இந்தப் பட்டறையில் கவனித்த காயங்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

மரவேலை தெரிந்த யாரும் இதைப் படித்தால் ஒண்ணு புரியும். நம்ம கையில் இருக்கிற முதல் வழிகாட்டி வலிதான். அதுதான் உடம்புக்குள் இருக்கிற ஸ்டாப்பர். இதுக்கு மேலே போகாதே என்று முட்டி நிறுத்தும். அது போய்விட்டால் அந்தத் தடுப்பை வெளியே வைக்கணும்: கண்ணில், பழக்கத்தில், கருவியின் பிடியில், ரம்பத்துக்கு முன்னால் நிற்கிற கட்டையில். அளவு விரலில் இல்லாமல் கட்டையில் இருந்தால், விரல் உணராத மனுஷனும் நேராக வெட்ட முடியும். மரம் யார் கை என்று கேட்காது. வாங்குகிறவனும் பொம்மையைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஊர் ஒதுக்கின ஒருத்தருக்கு அதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்கு?

காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரியில் 1955-ல் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி மையத்தில் உணர்ச்சியில்லாத பாதங்களுக்காக மென்மையான ரப்பர் வைத்த எம்.சி.ஆர். செருப்பு செஞ்சாங்க. இன்றைக்குச் சர்க்கரை நோயாளிகளுக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிற அதே செருப்பு. அங்கே ஒவ்வொரு பாதமும் வேறு. தாளில் பாதத்தை வைத்து வரைந்து, புண் இருக்கும் இடம் பார்த்து, அந்த ஒருத்தருக்கு மட்டும் ஒரு அளவு. ஆம்பூரில் ஒரு லாஸ்ட்டுக்கு ஆயிரம் கால். அதிலிருந்து கொஞ்ச தூரத்தில், ஒரு காலுக்கு ஒரு அச்சு. ரெண்டும் ஒரே மாவட்டத்தில் (2019-ல் பிரிக்கும் வரை) நடந்தது. முதலில் கால் அச்சுக்கு ஒத்துப்போகணும், ரெண்டாவதில் அச்சு காலுக்கு ஒத்துப்போகணும். வழிகாட்டி ரெண்டு வேலைக்கும் வரும். யாருக்காக வைக்கிறோம் என்பதில்தான் வித்தியாசம்.

நகரத்தில் பால்கனியில் சின்ன ரம்பம் வாங்கி வைத்து அலமாரி செய்கிற நண்பர்கள் இதைப் படிக்கிறீங்கன்னு தெரியும். உங்களுக்காக மூணு விஷயம். ஸ்டாப்பர் கட்டையின் அடி மூலையைக் கொஞ்சம் சாய்வாகச் சீவி விடுங்க; மரத்தூள் சேர்ந்து அளவு மாறாமல் இருக்கும். சுழலும் வட்ட ரம்பத்தில் வெட்டும்போது, வெட்டுப்பட்ட துண்டு ரம்பத்துக்கும் கைடுக்கும் நடுவில் மாட்டுகிற மாதிரி வைக்காதீங்க. மாட்டினால் துண்டு உங்க மேலேயே எகிறும். தடுப்பை ரம்பத்துக்கு முன்னாலேயே நிறுத்திடுங்க, மரம் அளவு பிடித்த பிறகு அதை விட்டு விலகி ரம்பத்துக்குப் போகட்டும். மூணாவது, முதல் துண்டை வெட்டி, மாட்ட வேண்டிய இடத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மீதி தொண்ணூற்றொன்பதை வெட்டுங்க. வழிகாட்டிக்கு நல்லது கெட்டது தெரியாது. சரியாக வைத்தால் நூறும் சரி, தப்பாக வைத்தால் நூறும் தப்பு.

வெட்டி முடித்ததும் அந்தக் கட்டையை அடுப்பில் போட்டுடாதீங்க. எதுக்கு, எத்தனை அளவு, எந்த வருஷம் என்று மேலே எழுதி ஆணியில் மாட்டுங்க. உங்களுக்கு அப்புறம் அந்த வேலையைச் செய்ய வருகிறவர் கை எப்படிப்பட்ட கையாக இருந்தாலும், அவருக்கு அது பேசும்.